கோல்கொண்டாவில் வைரச் சுரங்கம் எங்கே?

நடைவண்டி:

போன மாதம் குடும்பத்தோடு ஹைதராபாத் போயிருந்தோம். கோல்கொண்டா கோட்டை வாசலில் கைதட்டினால் உச்சியில் கேட்கும் என்ற வித்தையை எல்லோரும் செய்து பார்த்து, படியேறி மூச்சு வாங்கி நின்றபோது, கைடிடம் "வைரச் சுரங்கம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார். "இங்கே சுரங்கமே கிடையாது சார், எந்தக் காலத்திலும் இருந்ததில்லை" என்றார். பிள்ளைகள் முன்னால் அசடு வழிய நின்றது தனிக்கதை.

கேட்டதற்குக் காரணம் உண்டு. பாட்டியின் ஏழு கல் வைரத் தோடு இப்போது அம்மாவிடம் இருக்கிறது. தாத்தா 1930-களில் கும்பகோணத்தில் வாங்கியது. "அசல் கோல்கொண்டா வைரம்" என்று கேட்டுக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். சுரங்கமே இல்லாத ஊரிலிருந்து வைரம் எப்படி வந்தது? உலகத்தில் முதலில் எங்கே கிடைத்தது, அப்புறம் எங்கெல்லாம் கிடைத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவளக்காரத்தெரு:

கைடு சொன்னது சரி தம்பி. காஞ்சிபுரம் பட்டு என்கிறோம். பட்டுப்பூச்சி காஞ்சிபுரத்திலா வளர்கிறது? நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அதே கதைதான். கோல்கொண்டா குதுப் ஷாஹி சுல்தான்களின் கோட்டை, சந்தை, வரி வசூலிக்கும் இடம். கல் தோண்டியது அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, கிருஷ்ணா நதியை ஒட்டிய கொல்லூர், பரிடாலா மாதிரியான ஊர்களில்.

1600-களின் நடுவில் தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி பல தடவை இந்தியா வந்து இந்தச் சுரங்கங்களை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கொல்லூரில் ஆண், பெண், குழந்தை என்று 60,000 பேர் வேலை செய்தார்கள் என்பது அவர் கணக்கு. சுரங்கம் என்றதும் நமக்கு விளக்கு மாட்டிய தொப்பியும் இருட்டுக் குகையும்தான் ஞாபகம் வரும். அங்கே அதெல்லாம் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் குழி. ஆண்கள் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் மண்ணைச் சுமந்து, பக்கத்தில் கட்டிவைத்த களத்தில் கொட்டுவார்கள். தண்ணீர் விட்டுக் கரைத்துச் சேற்றை வடித்து, வெயிலில் காயவைத்து, நெல் தூற்றுகிற மாதிரி தூற்றுவார்கள். மிச்சமிருக்கும் சரளையைக் கையால் துழாவித் தேடுவார்கள். அந்த இடம் தெரியவந்ததே ஓர் ஏழை விவசாயி விதைக்க நிலத்தைக் கொத்தும்போது கல் கிடைத்ததால்தான் என்றும் எழுதுகிறார்.

இன்னொன்று. அவர் சொல்லும் எடைக்குப் பெயர் 'மாங்கெலின்'. வேறொன்றுமில்லை, நம் மஞ்சாடிதான். ஐரோப்பியர் வாயில் அப்படி ஆகிவிட்டது.

அந்தக் கொல்லூரை இப்போது போய்ப் பார்க்கவும் முடியாது. புலிச்சிந்தல அணை கட்டியபோது நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது.

சந்தேகசிவம்:

கோஹினூர் கொல்லூரில் எடுத்ததுதானே? எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

பவளக்காரத்தெரு:

போட்டிருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. எங்கே, எப்போது எடுத்தார்கள் என்பதற்கு உறுதியான எழுத்தே கிடையாது. நாதிர் ஷா 1739-இல் டெல்லியைக் கொள்ளையடித்துக்கொண்டு போனதிலிருந்துதான் அந்தப் பெயரில் அதைத் தொடர முடிகிறது. அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் 'இருக்கலாம்' ரகம். 1849-இல் லாகூர் உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1852-இல் மறுபடி பட்டை தீட்டி 186 காரட்டை 105.6 ஆக்கினார்கள். அது வரைக்கும் காகிதம் இருக்கிறது. மண்ணுக்குக் காகிதம் இல்லை.

கொல்லூர் பக்கத்துக் கல் என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல வேறொன்று இருக்கிறது. சென்னைக்காரர்கள் பெருமைப்படலாம், அல்லது வெட்கப்படலாம். புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், 1702-இல் ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் 410 காரட் பட்டை தீட்டாத கல்லை வாங்கினார். ஜாம்சந்த் கேட்டது 2 லட்சம் பகோடா (அந்தக் காலத் தங்கக்காசு). இழுத்து இழுத்துப் பேசி 48,000-க்கு முடித்தார்கள். (நம் ஊரில் புடவைக்குப் பேசுவதெல்லாம் பேரமே இல்லை.) இங்கிலாந்தில் பட்டை தீட்டி, 1717-இல் பிரான்சில் சிறுவயது அரசருக்குப் பதிலாக ஆண்ட ரீஜென்ட்டுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். அதனால் அதற்கு 'ரீஜென்ட்' என்று பெயர். 140 காரட் சொச்சம், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சந்தேகசிவம்:

ஓர் அடிமை தன் காலைக் கிழித்து அதற்குள் ஒளித்துக் கொண்டுவந்தான், கப்பல் தலைவன் அவனைக் கொன்று கடலில் தள்ளினான் என்று படித்தேனே?

பவளக்காரத்தெரு:

நானும் சின்ன வயதில் வாய் பிளந்து கேட்ட கதைதான். பெரிய கல் எதை எடுத்தாலும் பின்னால் ஒரு கொலையும் ஒரு சாபமும் கட்டிவிடுவார்கள், விலை ஏறும். பிட் மேல் அந்தக் காலத்திலேயே வதந்தி கிளம்பியதால் 1710-இல் உட்கார்ந்து ஒரு வாக்குமூலமே எழுதி வைத்தார். அதில் ஜாம்சந்தோடு நடந்த பேரம்தான் இருக்கிறது. அதுவும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியதுதான் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயரைப் பார்த்து யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். மண்ணடிப் பவளக்காரத் தெருவில்தான் எங்கள் கமிஷன் கடை இருந்தது. லண்டன் யூத வியாபாரிகள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கப்பலில் அனுப்புவார்கள், இங்கிருந்து பதிலுக்கு வைரம் போகும். அந்த வியாபாரத்தின் மிச்சம்தான் தெருவின் பெயர். வைரம் போய்விட்டது, வைரக்காரர்களும் போய்விட்டார்கள், பவளம் மட்டும் பெயர்ப்பலகையில் நிற்கிறது.

கனிமத்தோழி:

ஐயாவின் பதிவுகளை ரசித்துப் படித்தேன். நான் மண்ணியல் படித்தவள், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

வைரம் உருவாவது பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே. அங்கிருந்து தானாக ஏறி வராது. கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு எப்போதோ பிய்த்துக்கொண்டு மேலே வரும்போது வழியிலிருந்த வைரத்தையும் வாரிக்கொண்டு வரும். குழம்பு உறைந்து கேரட் கிழங்கு மாதிரி குழாய் வடிவில் நிற்கும். நாங்கள் 'பைப்' என்போம். கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை அரிக்க அரிக்க, பைப்பின் தலை கரைந்து ஆற்றோடு போகும். பாறை தூளாகிவிடும், வைரம் ஆகாது. ஆற்று வளைவுகளில் சரளையோடு தங்கிவிடும்.

அதனால்தான் வரலாற்றில் வைரம் முதலில் கிடைத்த இடமெல்லாம் ஆற்றங்கரை. கொல்லூரில் அவர்கள் தோண்டியதும் பழைய ஆற்றுச் சரளையைத்தான். அது எந்தப் பாறையில் பிறந்தது என்று 1870 வரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டாயிரம் வருடம் தாய் யாரென்று தெரியாமல் பிள்ளையை மட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரில் அப்படிப்பட்ட கிம்பர்லைட் பைப்புகள் இருக்கின்றன. ஊர்ப் பெயரிலேயே வஜ்ரம் இருக்கிறது, பாருங்கள்.

ஓசூர் மணி:

வஜ்ரகரூர் என்றதும் ஓடி வந்துவிட்டேன். அந்தப் பக்கம் நான் போயிருக்கிறேன்!

லாரி ஓட்டிய காலத்தில், ஜூன் மாதம், கர்னூல் பக்கம் ஜொன்னகிரி என்ற ஊரில் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. பார்த்தால் செம்மண் காட்டில் திருவிழாக் கூட்டம். மழை பெய்து மேல்மண் கழுவிக்கொண்டு போனதும் சுற்று வட்டாரமே வயலில் இறங்கித் தலையைக் குனிந்தபடி நடக்கிறது. குடும்பம் குடும்பமாக மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கியிருக்கிறார்கள். கல் மாட்டினால் வாங்க உள்ளூர் வியாபாரிகள் தயாராக இருக்கிறார்கள். டீக்கடையில் கேட்டால் அவர் மச்சானுக்கு கிடைத்தது, இவர் சின்ன மாமனாருக்கு கிடைத்தது என்று ஆளுக்கொரு கதை. கிடைத்த ஆளை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

நானும் இரண்டு நாள் தேடினேன். பை நிறைய பளபளவென்று பொறுக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். வாங்குபவர் கையில்கூட எடுக்கவில்லை, தூரத்திலிருந்தே "ராயி" என்றார். தெலுங்கில் வெறும் கல் என்று அர்த்தம். அப்புறம்தான் தெரிந்தது, அத்தனையும் குவார்ட்ஸ். வைரம் மண்ணில் கிடக்கும்போது பளபளக்காதாம். கொஞ்சம் எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டு மாதிரி, பசை பூசியது போல் இருக்குமாம்.

நிலக்கடலை விதைத்த விவசாயிகள்தான் பாவம், வயலை மிதித்துவிடுகிறார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நடைவண்டி:

மணி அண்ணே, சிரித்து முடியவில்லை. அப்படியானால் இந்தியாவில் இன்னும் வைரம் எடுக்கிறார்களா?

கனிமத்தோழி:

எடுக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் பன்னா. அங்கே மஜ்கவான் என்ற இடத்தில் பொதுத்துறை நிறுவனமான என்.எம்.டி.சி.யின் சுரங்கம் இருக்கிறது. அதைவிட சுவாரஸ்யம், தனி ஆள் போய் அரசாங்கத்திடம் 8 மீட்டருக்கு 8 மீட்டர் துண்டு நிலத்தை வருடத்துக்கு ஓரிரு நூறு ரூபாய் கட்டிக் குத்தகைக்கு எடுத்துத் தோண்டலாம். கிடைத்தால் வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் ஏலம் விட்டு, உரிமத்தொகை பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 2024-இல் ஒரு கூலித்தொழிலாளிக்கு 19.22 காரட் கல் கிடைத்தது. செய்தியில் வருவது அவர் ஒருவர். வருடக்கணக்கில் தோண்டி வெறுங்கையோடு போகிறவர்கள் செய்தியில் வர மாட்டார்கள்.

சந்தேகசிவம்:

ஒரு திருத்தம். '1700-கள் வரை உலகத்தில் இந்தியாவில் மட்டும்தான் வைரம் கிடைத்தது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இங்கேயும் யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்கிறேன், போர்னியோவை மறந்துவிடுகிறீர்கள். தீவின் மேற்கில் லண்டாக், தென்கிழக்கில் மார்தபுரா. ஐரோப்பியர் போவதற்கு முன்பே அங்கே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்தபுரா பக்கம் செம்பாக்கா என்ற ஊரில் இன்றைக்கும் குழியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் சுழற்றிச் சுழற்றி அலசுகிறார்கள். 1965-இல் அங்கே 166.75 காரட் கல் கிடைத்தது. திரிசக்தி என்று பெயர் வைத்தார்கள்.

பவளக்காரத்தெரு:

சரியான திருத்தம், ஒப்புக்கொள்கிறேன். இந்தியா கடல் என்றால் போர்னியோ குளம், ஆனால் குளம் இருந்தது உண்மை.

பழைய கதை என்று எடுத்தால் மார்க்கோ போலோவையும் விடக்கூடாது. ஒரு விதவை ராணி ஆளும் 'முட்ஃபிலி' நாட்டில் வைரம் கிடைக்கிறது என்கிறார். குண்டூருக்குத் தெற்கே இருக்கும் மோட்டுப்பள்ளித் துறைமுகமும் காகதீய ராணி ருத்ரமாதேவியும்தான் அது. பாம்பு நிறைந்த பள்ளத்தாக்கில் இறைச்சித் துண்டை எறிவார்களாம், வைரம் அதில் ஒட்டிக்கொள்ளுமாம், கழுகு தூக்கிக்கொண்டு மேலே வந்ததும் விரட்டி எடுத்துக்கொள்வார்களாம். கல் எடுக்கிற இடத்தை வெளியாள் நெருங்கக்கூடாது என்று நினைத்த வியாபாரி எவனோ பரப்பிவிட்ட கதை என்பது என் சொந்த சந்தேகம். தொழில் புத்தி எனக்குத் தெரியும்.

நம் பக்கம் வைரம் விளையவில்லை, ஆனால் தரம் பார்க்கத் தெரிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக்கடைத் தெருவைச் சொல்லும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைச் சொல்கிறார் இளங்கோ. காகபாதம் என்றால் கல்லுக்குள் காக்காய்க் கால் மாதிரி கீறல். என் அப்பா லென்ஸை வைத்துக்கொண்டு "காக்காக்கால் இருக்கு, வேண்டாம்" என்றுதான் கல்லைத் தள்ளுவார். அவர் சிலப்பதிகாரம் படித்தவரில்லை.

கடலோடி:

பிரேசில் கதையை நான் சொல்கிறேன். கப்பலில் இருந்தபோது அந்தப் பக்கம் போயிருக்கிறேன்.

1720-களில் மினாஸ் ஜெராய்ஸ் மலைப்பகுதியில் தங்கம் அலசிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நடுவில் வெள்ளைக் கூழாங்கல் மாட்டும். என்னவென்று தெரியாமல் சீட்டாட்டத்தில் காய்க்கு பதில் வைத்து ஆடினார்கள் என்று ஒரு கதை. வைரம் என்று தெரிந்ததும் போர்ச்சுகல் அரசு அந்த வட்டாரத்தையே வேலி போட்ட மாதிரி மூடி, அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரவோ போகவோ முடியாதபடி ஆக்கியது. தேஜுகோ என்ற அந்த ஊருக்கு இப்போது டயமான்டினா என்றே பெயர். வேலை செய்தது ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுவந்த அடிமைகள்.

வேடிக்கை என்னவென்றால், பிரேசில் கல்லை ஐரோப்பாவில் முதலில் யாரும் நம்பவில்லை. இந்தியக் கல் வைத்திருந்த வியாபாரிகள், 'இது இந்தியாவில் கழித்துப் போட்ட கல், கோவா வழியாக பிரேசில் போய் வருகிறது' என்று கிளப்பிவிட்டார்கள். அதற்குப் போர்ச்சுகீசியர் செய்த பதில் வேலை, பிரேசில் கல்லைக் கோவாவுக்கு அனுப்பி இந்தியக் கல் என்று விற்றது!

1853-இல் ஓர் அடிமைப் பெண்ணுக்கு 250 காரட்டுக்கும் மேலான கல் கிடைத்தது. 'தெற்கு நட்சத்திரம்' என்பார்கள். அதற்குப் பதிலாக அவளுக்கு விடுதலை கிடைத்ததாம். பட்டை தீட்டிய அந்தக் கல்லை வாங்கியவர் யார் தெரியுமா? பரோடா மகாராஜா.

நடைவண்டி:

இந்தியாவிலிருந்து வைரம் போன காலம் முடிந்து, இந்தியாவுக்கு வைரம் வர ஆரம்பித்துவிட்டதா!

பவளக்காரத்தெரு:

அதைவிடப் பெரிய கூத்து இருக்கிறது தம்பி. ஹைதராபாத் நிஜாம் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஜேக்கப் வைரம், 184.75 காரட். அப்பா நிஜாமின் செருப்பு முனையிலிருந்து மகன் கண்டெடுத்தார் என்பார்களே, அதுதான். கோல்கொண்டாவை ஆண்டவர் வீட்டுக் கல் அல்லவா? எங்கிருந்து வந்தது? தென்னாப்பிரிக்காவிலிருந்து! இப்போது இந்திய அரசிடம் இருக்கிறது.

கனிமத்தோழி:

அதற்குத்தான் காத்திருந்தேன். உண்மையான திருப்பம் தென்னாப்பிரிக்காதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1867 வாக்கில் ஆரஞ்சு ஆற்றங்கரையில், ஹோப்டவுன் பக்கத்தில், எராஸ்மஸ் ஜேக்கப்ஸ் என்ற 15 வயதுப் பையன் பொறுக்கிய கல்லை வைத்து வீட்டுப் பிள்ளைகள் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே நம் அஞ்சாங்கல் மாதிரி ஆட்டம்தான். பக்கத்துப் பண்ணைக்காரர் வான் நீகெர்க் அதைப் பார்த்துக் கேட்க, பையனின் அம்மா கூழாங்கல்லுக்குக் காசா என்று சும்மாவே கொடுத்துவிட்டார். கை மாறி கை மாறி, கிரகாம்ஸ்டவுனில் அதர்ஸ்டன் என்ற மருத்துவருக்கு சாதாரணத் தபாலில் போய்ச் சேர்ந்தது. அவர்தான் வைரம் என்று சொன்னார். 21.25 காரட், 'யுரேகா'.

லண்டனிலிருந்து கிரிகரி என்ற நிபுணரை அனுப்பினார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த மண்ணில் வைரமே இருக்க முடியாது, யாரோ கொண்டுவந்து போட்டது என்று அறிக்கை கொடுத்தார். நெருப்புக்கோழி வயிற்றில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் என்றுகூடச் சொன்னாராம். 1869-இல் கிரிக்வா இனத்து மேய்ப்பர் ஒருவர் 83.5 காரட் கல்லைக் கொண்டுவந்தார். அதே வான் நீகெர்க் 500 ஆடு, 10 எருது, ஒரு குதிரை கொடுத்து வாங்கினார். அதன் பிறகு வைரக்காட்டில் யாராவது புளுகினால் அதற்கு 'கிரிகரி' என்றே பெயராகிவிட்டது. எங்கள் துறையில் நாங்கள் மறக்கக் கூடாத மனிதர் அவர்!

முதலில் ஆற்றங்கரை. 1870-71-இல் ஆற்றை விட்டுத் தள்ளி, வறண்ட மேட்டில் வைரம் கிடைத்தது. அதுவரை உலகம் பார்த்த கணக்குக்கு ஒத்தே வரவில்லை, ஆறு இல்லாமல் வைரமா? தோண்டத் தோண்ட மஞ்சள் மண், அதற்குக் கீழே கெட்டியான நீலப் பாறை. மஞ்சள் மண் முடிந்ததும் வைரமும் தீர்ந்தது என்று பலர் பங்கை விற்றுவிட்டுப் போனார்கள். நீலப்பாறைதான் தாய்ப்பாறை. அந்த ஊர் கிம்பர்லி, பாறைக்குப் பெயர் கிம்பர்லைட். 1914 வரை தோண்டி 2.2 கோடி டன் மண்ணை வெளியே போட்டு 2,720 கிலோ வைரம் எடுத்தார்கள். ஒரு கிராமுக்கு 8 டன். அந்தப் பெரும்பள்ளம் இன்றும் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. குட்டிக்குட்டிப் பங்குகளையெல்லாம் வாங்கிச் சேர்த்து சிசில் ரோட்ஸ் 1888-இல் டி பியர்ஸ் கம்பெனியை ஆக்கினார். பெயர் மட்டும் நிலத்தை ஆரம்பத்திலேயே விற்றுவிட்டுப் போன டி பியர் சகோதரர்களுடையது.

1905-இல் பிரிட்டோரியா பக்கம் கலினன், 3,106 காரட். அதை லண்டனுக்கு அனுப்பும்போது கப்பலில் துப்பறிவாளர் காவலோடு போலிக்கல்லை ஏற்றிவிட்டு, அசலைச் சாதாரணப் பார்சல் தபாலில் அனுப்பினார்கள்.

ஓசூர் மணி:

கூரியர் அனுப்பும்போது இனிமேல் நான் புலம்ப மாட்டேன்.

கனிமத்தோழி:

ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1908, இன்றைய நமீபியா, அப்போது ஜெர்மன் ஆட்சி. பாலைவனத்தில் ரயில் தண்டவாளத்தின் மேல் மூடும் மணலைத் தள்ளுகிற கூலிவேலை சகாரியாஸ் லெவாலாவுக்கு. அவர் முன்பு கிம்பர்லியில் வேலை பார்த்தவர், அதனால் பார்த்ததும் கண்டுபிடித்துக் கல்லை மேலாளர் ஸ்டாவுக்கிடம் கொடுத்தார். ஸ்டாவுக் கோடீஸ்வரரானார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே மணலில் தவழ்ந்துகொண்டே வைரம் பொறுக்கலாம் என்ற நிலைமை. கோல்மான்ஸ்கோப் என்று ஓர் ஊரையே கட்டி ஆடம்பரமாக வாழ்ந்தார்கள். 1956-இல் கடைசி ஆளும் போய்விட்டார். இப்போது வீட்டுக்குள் இடுப்பளவு மணல். வைரம் எடுக்கும் கப்பல்கள் கடலுக்குள் நிற்கின்றன, ஆறு கொண்டுபோய்க் கடலடியில் சேர்த்ததை உறிஞ்சி எடுக்க.

சந்தேகசிவம்:

கிரிக்வா மேய்ப்பர், அடிமைப் பெண், கூலிக்காரர், விதைக்கப்போன விவசாயி. கண்டெடுத்தவர் பெயர் ஒன்றுகூட எந்தக் கல்லுக்கும் இல்லை. ரீஜென்ட், ஹோப், கலினன், ஜேக்கப் எல்லாம் வாங்கினவனும் விற்றவனும். கவனித்தீர்களா?

கடலோடி:

கவனித்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

வடமராட்சியான்:

வணக்கம். நான் இருப்பது கனடா, எட்மன்டன். வடக்கே வைரச் சுரங்கமொன்றின் சமையற்கூடத்தில் ஆறு வருசம் வேலை செய்தனான், அதனால் கொஞ்சம் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிழமை வேலை, இரண்டு கிழமை வீடு. சிறு விமானத்தில்தான் போக வேண்டும், ரோட்டு இல்லை. மாரியில் மட்டும் உறைந்த ஏரிகளின் மேலே பனிப்பாதை போடுவார்கள். வருசத்துக்கு வேண்டிய எண்ணெய், சிமெந்து எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் லொறிகளில் வந்து சேர வேண்டும். நான் முதல் தரம் அந்தப் பாதையைப் பார்த்தபோது, இதற்குக் கீழே தண்ணீர் என்ற நினைப்பே காலைக் கூச வைத்தது.

அங்கே வைரம் கண்டுபிடித்த விதம் விசேஷம். ஃபிப்கே, புளூசன் என்று இரண்டு பேர். வைரத்தைத் தேடவில்லை, வைரத்தோடு கூட வருகிற சிவப்புக் கார்னெட் மணிகளைத் தேடினார்கள். பழைய பனிப்பாறைகள் நகரும்போது அவற்றை மேற்கே இழுத்துக்கொண்டு போயிருந்தன. இவர்கள் பத்து வருசத்துக்கு மேலாக எதிர்த்திசையில் பின்னோக்கி நடந்து, 1991-இல் லாக் டி கிரா ஏரிப் பக்கம் பைப்பைப் பிடித்தார்கள். 1998-இல் ஏகாட்டி சுரங்கம் திறந்தது. கனடாவில் வைரமா என்று சிரித்த ஆட்களெல்லாம் வாயை மூடினார்கள்.

எங்கள் இலங்கையில் மாணிக்கம், நீலம், புஷ்பராகம் எல்லாம் உண்டு, வைரம் இல்லை. மாத்தறை வைரம் என்று ஒன்று சொல்வார்கள். அது வைரமில்லை, வெள்ளை சர்க்கோன்.

கனிமத்தோழி:

அண்ணா, அருமை. அந்த கார்னெட் வழியை முதலில் வெற்றிகரமாகக் காட்டியது சோவியத் பெண்கள். சர்சாட்ஸ்கிக் என்பவர் முறையை வகுத்தார், அவருடைய உதவியாளர் லாரிசா பொபுகாயேவா 1954-இல் சைபீரியாவின் யாகூத்தியா காட்டில் ஓடை ஓடையாகச் சிவப்பு மணிகளைத் தொடர்ந்து போய் முதல் கிம்பர்லைட்டைக் கண்டார். பெரிய பரிசு 1957-இல் ஆண்களுக்குப் போனது. பொபுகாயேவா கண்ட அடுத்த வருடமே, 1955-இல், மீர் என்ற பைப் கிடைத்தது. மீர் என்றால் சமாதானம். கண்டுபிடித்த குழு ரகசியமாக அனுப்பிய செய்தி: 'சமாதானக் குழாயைப் புகைத்தோம், புகையிலை பிரமாதம்.' 500 மீட்டருக்கு மேல் ஆழம் தோண்டினார்கள்.

போட்ஸ்வானாவில் ஜ்வானெங் சுரங்கம் இன்னும் அழகு. மேலே 50 மீட்டர் கலகாரி மணல். கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கறையானுக்குத் தெரியும். ஈரம் தேடி ஆழத்துக்குப் போன கறையான் புற்றுமண்ணோடு அந்தத் துணைக்கனிமத் துகள்களையும் மேலே கொண்டுவந்து வைத்திருந்தது.

ஓசூர் மணி:

அடுத்த ஜூனில் ஜொன்னகிரிக்குப் புற்று பார்க்கப் போகிறேன். பாம்பு இருந்தால் என்ன செய்வது?

பவளக்காரத்தெரு:

இறைச்சித் துண்டை எறியுங்கள், கழுகு வரும்.

நடைவண்டி:

இத்தனைக்குப் பிறகு என் கேள்வி அப்படியே நிற்கிறது. பாட்டி தோடு கோல்கொண்டாவா, இல்லையா? லேப்பில் கொடுத்தால் சொல்லிவிடுவார்களா?

கனிமத்தோழி:

வைரமா, செயற்கையா, என்ன தரம் என்பதெல்லாம் சொல்வார்கள். பட்டை தீட்டிய கல்லைப் பார்த்து எந்த ஊர் மண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நைட்ரஜன் கலப்பு அநேகமாக இல்லாத, தண்ணீர் மாதிரி தெளிந்த கல்லை வியாபாரத்தில் 'கோல்கொண்டா' என்று அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அது எந்த நாட்டில் எடுத்தது என்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

பவளக்காரத்தெரு:

தம்பி, லேப் வேண்டாம். 1930-களில் கும்பகோணத்தில் வாங்கியது என்றீர்கள். அந்தக் காலத்தில் கிருஷ்ணா கரையில் வைரத் தொழில் ஓய்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அம்மாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பாட்டி அந்தத் தோட்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்?

நடைவண்டி:

கேட்டேன். 'கோல்கொண்டா' என்பது பெரியப்பா ஆரம்பித்ததாம். பாட்டி "ப்ளூ ஜாகர் தோடு" என்றுதான் சொல்வாராம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது "ஜாகரை எடுத்துண்டு வா" என்பாராம். ஜாகர் என்றால் கடைக்காரர் பெயர் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

பவளக்காரத்தெரு:

நினைத்தேன்! தஞ்சாவூர் ஜில்லாவில் வைரத்தோடு என்றாலே ஜாகர்தான். கடைக்காரர் இல்லை. யாகர்ஸ்ஃபான்டைன். தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு சுரங்கம். 1870-இல் வைரம் கிடைத்தது. 1893-இல் அங்கே எடுத்த எக்ஸெல்சியர், 995 காரட், கலினன் வரும் வரை உலகத்திலேயே பெரியது. அந்தச் சுரங்கத்துக் கல் வெள்ளையில் லேசாக நீலம் அடிக்கும். அதற்கு வியாபாரத்தில் வைத்த பெயர் ஜாகர். கப்பலேறி, ஐரோப்பாவில் பட்டை தீட்டி, பம்பாய், மதராஸ் வழியாகக் கும்பகோணத்துக்கு வந்து உங்கள் பாட்டி வாயில் ஜாகர் ஆகிவிட்டது.

கனிமத்தோழி:

சின்னக் குறுக்கீடு ஐயா. காலப்போக்கில் அந்த நீல ஒளி அடித்தால் எந்தச் சுரங்கத்துக் கல்லையும் ஜாகர் என்றார்கள். அதனால் இதுவும் முழு ஆதாரம் ஆகாது. தென்னாப்பிரிக்காவாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

பவளக்காரத்தெரு:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. கிரிகரி ஆக எனக்கும் விருப்பமில்லை.

நடைவண்டி:

நேற்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூகுள் மேப்பில் யாகர்ஸ்ஃபான்டைனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். சுரங்கப் பள்ளம் மேலிருந்து பார்க்க ஊர் நடுவில் குளம் மாதிரி வட்டமாக இருக்கிறது.

"அவ்வளவு தூரத்திலிருந்தா வந்தது?" என்றார். அப்புறம் தோட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "உன் காலேஜ் ஃபீஸுக்கு ரெண்டு தடவை அடகுக்கடைக்குப் போயிட்டு வந்தது, அதுதான் அது போன தூரம்னு நினைச்சேன்" என்றார்.